யூரியா சாக்கில் வந்த ஹீட்டர்

நாச்சியாபுரம் பொன்னழகு ஒரு யூரியா சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். காரைக்குடியில் கேஸ் அடுப்பும் ஹீட்டரும் விற்றுப் பழுது பார்க்கிற கடை என்னுடையது. சாக்கிலிருந்து அவர் எடுத்து வைத்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானே விற்ற கேஸ் ஹீட்டர். அது ஓடிக்கொண்டிருந்த குளியலறையில்தான் நாற்பது நாளைக்கு முன் அவர் மனைவி அக்கம்மாள் செத்துப்போனாள்.

"இதுல என்ன கோளாறுன்னு மட்டும் சொல்லு, தேவிகா. சொல்லிட்டு, இருக்கிறதுலயே ஒசத்தியா வேற ஒண்ணு குடு. கீர்த்திக்கு வேணும்."

கீர்த்தி அவருடைய ஒரே மகள். ஆறரை பஸ்ஸைப் பிடித்துக் காரைக்குடிக் காலேஜுக்கு வருகிறவள். இந்த மார்கழிக் குளிரில் தினமும் பச்சைத் தண்ணீரில் குளித்து நெஞ்சில் சளி கட்டி, இரண்டு நாளாகக் காலேஜுக்குக்கூடப் போகவில்லையாம். கரண்டு ஹீட்டர் பாருங்களேன் என்றேன். தங்கள் தெருவில் மோட்டார் போட்டாலே பல்பு மங்கிவிடும், அது சரிவராது என்றார். கேஸ்தான் வேண்டும், ஆனால் நல்ல கம்பெனியாக வேண்டும். மலிவாகப் பார்த்து வாங்கித்தான் அக்கம்மாளைச் சாகக் கொடுத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நானும் நாச்சியாபுரத்தில் பிறந்தவள்தான். என் கல்யாணப் பந்தலுக்கு வாழைமரம் வெட்டி வந்து கட்டியவர் பொன்னழகு. கண்மாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர். கண்மாய் வறண்ட வருஷங்களில் கொத்து வேலைக்குப் போய் அதையும் கற்றுக்கொண்டவர். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் ரோசம், அப்படி ஒரு ரோசம். டீக்கடைக்காரர் ஒருநாள் விரிசல் விட்ட கிளாஸில் டீ கொடுத்தார் என்று பதினோரு வருஷமாக அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை. கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்கள். அந்தக் குணத்தோடு குடித்தனம் பண்ணியவளைக் கேட்டால் அல்லவா தெரியும்!

ஆறு வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டில் இருக்கிற கூடப் பிறந்த தம்பி உதயகுமாரோடு வீட்டு எல்லைத் தகராறு. சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்ததில் அரை அடி தம்பி பக்கம் போய்விட்டது. வெறும் அரை அடி. அன்றோடு பேச்சு முறிந்தது. அக்கம்மாள் இறந்த அன்று உதயகுமார் தெருவிலேயே நின்றார், உள்ளே விடவில்லை. சுடுகாட்டுக்குக்கூடத் தள்ளித் தள்ளியே நடந்து வந்தார்.

ஹீட்டரைப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சிலிண்டரில் மாட்டித் தண்ணீரைத் திறந்தேன். உடனே பற்றிக்கொண்டது. நீலமான, சுத்தமான ஜுவாலை. சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், எங்கேயும் கசிவு இல்லை. அப்படியானால் கோளாறு மாட்டிய இடத்தில்தான். விற்ற அன்று, குளிக்கிற இடத்தில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். இருக்கிறது என்றார். மாட்டுவதற்கு அவரே ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், நானும் விட்டுவிட்டேன். போய்ப் பார்த்திருக்க வேண்டும். என் சோம்பேறித்தனத்தை நான் யாரிடம் சொல்லி அழ?

இடத்தைப் பார்க்காமல் புதுசு தர மாட்டேன் என்று சொல்லி அவர் வண்டியிலேயே ஏறிப் போனேன். வீட்டின் பின்கோடியில் குளியலறை. ஒரு பக்கம் சமையல்கட்டு, ஒரு பக்கம் அறை, ஒரு பக்கம் கதவு. நாலாவது சுவர் தம்பியின் கொல்லையைப் பார்த்தது. அந்தச் சுவரில் ஜன்னல் இருந்த இடம் தெரிந்தது. செங்கல் வைத்து அடைத்து, சிமெண்டு பூசி, வெள்ளையும் அடித்திருந்தது.

"ஜன்னல் இருக்குன்னீகளே அண்ணே?"

"இருந்துச்சு. அளந்துட்டுப் போன மறுநாளே அடைச்சிட்டேன். நீ கேட்டப்ப அந்தக் கதையெல்லாம் எதுக்குன்னு இருக்குன்னுட்டேன். அவன் கொல்லைக் காத்துகூட என் வீட்டுக்குள்ள வரக் கூடாது."

ஆறு வருஷம் கழித்தும் அதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு ஒரு புதுசை விற்றிருந்தால் அந்த மனிதர் நிம்மதியாக ஹீட்டர் கம்பெனியைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பார். ஆனால் நாளைக் காலையில் அதே கதவைச் சாத்திக்கொண்டு கீர்த்தி குளிப்பாளே.

சொன்னேன். அடைத்த அறையில் கேஸ் எரிந்தால் உள்ளே இருக்கிற நல்ல காற்றை அது தின்றுவிடும், பிறகு வாசனையே இல்லாத நச்சு வாயுவைக் கக்கும் என்றேன். சட்டென்று குளித்துவிட்டு வருகிற நாளில் தப்பித்துக்கொள்ளலாம். இறந்துபோன அந்த வெள்ளிக்கிழமை அக்கம்மாள் தலைக்குக் குளித்து, துணியும் அலசி, குளிருக்குக் கதவையும் இறுக்கிச் சாத்தியிருந்தாள். எந்தக் கம்பெனி ஹீட்டரானாலும் இந்த அறைக்குள் வேண்டாம். வெளிச்சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே விட வேண்டும், ஜன்னலையும் திறக்க வேண்டும். வெளிச்சுவர் என்றால் தம்பியின் கொல்லைப் பக்கம்தான். அவரைக் கேட்காமல் முடியாது.

"அப்ப மெஷின்ல கோளாறு இல்லையா?"

"இல்லண்ணே."

அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசற்படியில் கீர்த்தி வந்து நின்றதை நான் அப்போதுதான் கவனித்தேன். அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. சன்னல் இருக்கான்னு ஆஸ்பத்திரியிலயே டாக்டர் கேட்டாரு. அப்பாகிட்ட எப்படிச் சொல்ல?"

நாற்பது நாளாக இந்தப் பெண் பச்சைத் தண்ணீரில் குளித்தது ஹீட்டர் இல்லாததால் அல்ல. புது ஹீட்டர் எதற்கு, பச்சைத் தண்ணீரே போதும் என்று அப்பாவிடம் சாதித்தவளே அவள்தானாம். பெற்றவளையும் பறிகொடுத்துவிட்டு, பெற்றவனுக்கு உண்மை தெரிந்துவிடக் கூடாதே என்று இருமிக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

பொன்னழகு போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார். மூன்றாவது குத்தில் ஒரு செங்கல் வெளிப்பக்கம் விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த உதயகுமார் அந்த ஓட்டைக்கு எதிரே நின்றார்.

"தம்பி, இந்தச் சன்னலத் தொறந்துக்கிறேன்."

"தொறங்கண்ணே," என்றார் உதயகுமார். அவ்வளவுதான். என்றைக்குக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அந்தப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், ஆனாலும் கீர்த்தி இருக்கிறாளே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மிச்சக் கல்லையும் பெயர்த்துவிட்டுப் பொன்னழகு ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார். உதிர்ந்த சிமெண்டுக் கட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"நான் அடைக்கையில அக்கம்மா வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தா," என்றார். "நான் வஞ்சதும் வாயப் பொத்திக்கிட்டு உக்காந்து, கலவை குழைச்சுக் குடுத்தது அவதான், தங்கச்சி."