சங்கிலி உங்க கையில

எங்கள் சபையின் சங்கிலி ஜெபம் இப்போது வாட்சப்பில் நடக்கிறது. ஒரு வீட்டின் நேரம் முடிந்ததும் கைகூப்பும் படம் ஒன்றைக் குழுவில் போட வேண்டும். அடுத்த வீட்டார் அதற்குக் கட்டை விரலைக் காட்டுவார்கள். அவ்வளவுதான், வழி தவற வாய்ப்பே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. ஏனென்றால் வழி தவறிப் போன ஒரு சங்கிலியை எனக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சபையில் யாருக்காவது பெரிய கஷ்டம் வந்தால், ஒரு நாளைக் குறித்துக்கொண்டு காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை இடைவெளியில்லாமல் யாராவது ஒருவர் ஜெபம் செய்துகொண்டே இருப்பார்கள். ஒரு குடும்பத்துக்கு அரை மணி நேரம். நான் பள்ளியில் படித்த காலத்தில் எல்லார் வீட்டு ஹாலிலும் ஒரு லேண்ட்லைன் போன் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தங்கள் நேரம் முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போன் செய்து, "சங்கிலி உங்க கையில" என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிட வேண்டும். ஒரு முறை ஜெபத்தை ஒப்படைக்கக் கூப்பிட்ட அம்மாவும் வாங்கிக்கொண்ட அம்மாவும் வஞ்சிரம் விற்கிற விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அந்த அரை மணி நேரமும் வஞ்சிரத்துக்கே போய்விட்டது. உடனே வைக்க வேண்டும் என்ற சட்டத்தைச் சபை மூப்பர் அதற்குப் பிறகுதான் போட்டார்.

எங்களுடையது பிரெஸ்பிட்டேரியன் சபை. ராயப்பேட்டைக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே ஒரு சந்துக்குள் இருக்கிறது. பேராயர் என்று எங்களுக்கு யாரும் கிடையாது. சபையார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மூப்பர்கள்தான் எல்லாம். ஒரு மின்விசிறி வாங்குவதென்றாலும் மூப்பர் கூட்டம் கூட வேண்டும். பரலோகத்தில் ஏதாவது மாற்றம் செய்வதானாலும் கடவுள் இவர்களைக் கேட்டுத்தான் செய்வார் என்று நான் நம்பியிருந்தேன். அந்த மூப்பர்களில் மூத்தவரைத்தான் நாங்கள் வெறுமனே 'மூப்பர்' என்போம். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆராதனையைக்கூட வண்டி புறப்படும் நேரம் போல நடத்துவார்.

வாரம் முழுக்கச் சபைதான் எங்களுக்கு. புதன்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம், முடிந்ததும் வடையும் டீயும். வெள்ளிக்கிழமை பாடகர் குழு ஒத்திகை. சனிக்கிழமை பெஞ்சு துடைப்பது. ஞாயிறு ஆராதனை. எங்களோடு இருந்த சித்தி, அம்மாவின் தங்கை, பாடகர் குழுவை நடத்தினாள். கீர்த்தனையின் முதல் வரியை அவள் தனியாக எடுத்துக்கொடுத்தால்தான் சபை பாடும். அவள் ஊருக்குப் போன ஞாயிறுகளில் மூப்பர் எடுத்துக்கொடுப்பார். அந்த ஞாயிறுகளில் ஆராதனை சீக்கிரம் முடிந்துவிடும்.

அப்பா மட்டும் இதில் எதிலும் சேரவில்லை. எங்களை வாசலில் இறக்கிவிட்டு, எதிரே இருந்த டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சபையில் அவருக்கு 'வெளி மூப்பர்' என்று பெயர். கோடம்பாக்கத்தில் டப்பிங் பேசுவது அவர் வேலை. கதாநாயகனுக்கெல்லாம் இல்லை. போலீஸ்காரர், பூசாரி, பஞ்சாயத்தில் நிற்கிற கூட்டம், இவர்களுக்குத்தான். யாரோடு பேசினாலும் இரண்டு நிமிடத்தில் அவர்களுடைய தமிழ் அப்பாவின் வாயில் வந்துவிடும். காய்காரரிடம் ஒரு தமிழ், கோயம்புத்தூர்க்காரரிடம் ஒரு தமிழ். எனக்கு அதில் பெருமை தாங்காது. அப்பா பக்கத்துச் சொந்தம் என்று எங்கள் வீட்டுக்கு யாரும் வந்ததில்லை. கேட்டால், "எல்லாரும் தூரமா இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

சித்தியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு, அறுத்து எடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே போகிறது, குரல் பழையபடி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். சித்தி வீட்டில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் பாடியபோது, வெளியே நின்ற அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுததை நான் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை காலை ஆபரேஷன் என்று முடிவானது. மூப்பர் அன்றைக்கே சங்கிலியையும் குறித்துவிட்டார்.

எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது பத்தரையிலிருந்து பதினொன்று வரை. ஆபரேஷன் பதினொரு மணிக்கு. அம்மா மருத்துவமனைக்குப் போய்விட்டாள். வீட்டில் இருந்தது அப்பாவும் நானும்தான். "ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணுங்க. முடிஞ்சதும் டீச்சர் ஆன்ட்டிக்குப் போன் போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். டீச்சர் ஆன்ட்டி ஆழ்வார்பேட்டையில் இருந்தார். ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவர்.

நான் முழங்காலில் நின்று கண்ணை மூடினேன். அரை மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. சித்தியின் குரலுக்காக வேண்டியாயிற்று, டாக்டரின் கைக்காக வேண்டியாயிற்று, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பரமண்டல ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். எங்கள் வகுப்பு டீச்சர், கணக்குப் பரீட்சை, மாடி வீட்டுப் பூனை எல்லாருக்காகவும் வேண்டிக்கொண்டேன். நடுவில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா ஜெபம் செய்யவே இல்லை. கண்ணைக்கூட மூடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, போனின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. முழுப் பாரமும் என் தலையில்தானா என்று நினைத்துக்கொண்டு, பூனைக்காக மறுபடியும் ஒரு முறை வேண்டினேன்.

பதினொன்று ஆனதும் அப்பா எண்ணை அழுத்தி, போனை என்னிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "யாரு?" என்றது. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"எங்க அரை மணி நேரம் முடிஞ்சிருச்சு. இப்ப உங்க அரை மணி நேரம். எங்க சித்திக்குத் தொண்டையில ஆபரேஷன் நடக்குது. குரல் போயிடக் கூடாதுன்னு ஜெபம் பண்ணுங்க. சங்கிலி உங்க கையில."

சட்டப்படி உடனே வைத்துவிட்டேன்.

அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். பிறகு மறுபடியும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். எங்கள் நேரம் முடிந்த பிறகு எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான் பூனையைப் பார்க்க மாடிக்குப் போய் வந்தேன். பதினொன்றரைக்குப் போன் அடித்தது. அப்பா எடுக்காமல் என்னைப் பார்த்தார். நான் எடுத்தேன்.

"கொழந்தே, அரை மணி ஆயிடுத்து. ஸ்வாமி முன்னாடி உக்காந்து, எனக்குத் தெரிஞ்ச ஸ்லோகம் அத்தனையும் சொல்லி வேண்டிண்டேன். இப்போ நான் யாருக்குப் போன் பண்ணணும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டீச்சர் ஆன்ட்டி ஸ்லோகம் சொல்ல மாட்டார். "நீங்க யாரு?" என்று கேட்டேன்.

"அதை நான்னா கேக்கணும்? போன்ல இந்த நம்பர் விழுந்திருந்தது, அதான் பண்ணினேன். உங்காத்துல பெரியவா யாரு இருக்கா?"

"அப்பா இருக்காரு."

"அப்பா பேர் என்ன?"

சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து வைக்கப் போனேன். அப்போது அந்தக் குரல் மெதுவாக, "அவன்கிட்ட குடு" என்றது.

முன்பின் தெரியாத ஒரு ராங் நம்பர் என் அப்பாவை அவன் இவன் என்று சொன்னது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் கொடுத்தேன். அப்பா அந்தம்மாவின் தமிழிலேயே பேச ஆரம்பித்தார். "ம்... நன்னா இருக்கேன்... இல்லே, இன்னும் முடியலே, உள்ளேதான் இருக்கா... ஆமா, பொண்ணுதான்... வரேன். கட்டாயம் வரேன்." வழக்கம்போல எதிரில் பேசுகிறவரைப் பிடித்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் இந்த அளவுக்கு நன்றாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நடித்ததுதான் புதிதாக இருந்தது.

பிறகு அவரே டீச்சர் ஆன்ட்டியைக் கூப்பிட்டுச் சங்கிலியை ஒப்படைத்தார். வாங்கிய திட்டு எனக்கே கேட்டது. "அரை மணி நேரமா போன் பக்கத்துல முட்டி போட்டுட்டிருக்கேன்! சங்கிலி வராம நான் எப்படி ஆரம்பிக்கிறது?"

சாயங்காலம் நாங்கள் மருத்துவமனைக்குப் போனபோது ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. குரலைப் பற்றி மட்டும் போகப் போகத்தான் தெரியும் என்றார்கள். நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அப்பா ஜெபம் செய்யாததையும், தப்பான நம்பரை அழுத்தியதையும் விடவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்து, "எந்த நம்பர்?" என்றாள். அப்பா எண்ணைச் சொன்னார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். திட்டப் போகிறாள் என்று ஆவலாகக் காத்திருந்தேன். அவள் அப்பாவின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். வடை வருவதற்கு முன்பே மூப்பர் விசாரணையை ஆரம்பித்துவிட்டார். ஆபரேஷன் தொடங்கிய நேரத்தில் சங்கிலி நம் சபையிலேயே இல்லை, மயிலாப்பூரில் யாரோ ஓர் அம்மாவின் பூஜை அறையில் இருந்திருக்கிறது. அப்படியானால் சங்கிலி அறுந்ததாகத்தானே பொருள்? மறுபடியும் முதலிலிருந்து வைப்பதா என்று மூப்பர் கூட்டத்தில் பேசி முடிவு செய்ய வேண்டும் என்றார். டீச்சர் ஆன்ட்டி பலமாகத் தலையாட்டினார்.

கழுத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்த சித்தி கையைத் தூக்கினாள். குரல் காற்றாகத்தான் வந்தது. எல்லாரும் முன்னால் சாய்ந்து கேட்டோம்.

"என் கழுத்துல கத்தி வச்ச நேரத்துல அவங்கதான் எனக்காகக் கேட்டுட்டிருந்தாங்க. அது அறுந்ததா இருக்கட்டும் மூப்பரே. எனக்கு அதுவே போதும்."

மூப்பர் சமையலறைப் பக்கம் திரும்பினார். பிறகு, "வடை ஆறிடப் போவுது" என்றார்.

சித்தி பல வாரங்கள் காற்றாகவே பேசினாள். பிறகு கரகரப்பு வந்தது. பிறகு ஒரு நாள் குளியலறையில், தண்ணீர்ச் சத்தம் இல்லாமல், ஒரு வரி முழுசாகக் கேட்டது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணை ஞாயிறு அன்று சித்தி மறுபடியும் பாடப் போகிறாள் என்று சபைக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அன்று அப்பா எங்களை இறக்கிவிட்டு எங்கேயோ போய், ஓர் அம்மாவை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அரக்குச் சேலை, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. ராங் நம்பர் மாமி அவர்தான் என்று அம்மா சொன்னாள். அப்பா அவரோடு படியேறினார். டீக்கடைக்காரர் எதிரிலிருந்து, "இன்னா சார், இன்னிக்கி பேப்பர் வேணாமா?" என்று கத்தினார். அப்பா திரும்பாமலே கையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து, கடைசி பெஞ்சில் மாமியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சித்தி எடுத்துக்கொடுத்தாள். மேலே போகும் இடத்தில் குரல் லேசாகப் பிசிறியது. சித்தி நிறுத்தவில்லை. பிசிறை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறி, அங்கேயே நின்றாள். சபை கொஞ்ச நேரம் பாட மறந்துவிட்டது. கடைசி பெஞ்சில் மாமி மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் சபையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. மூப்பர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். இரண்டாவது சரணத்தில் அவருடைய விரல்களும் பாட்டுப் புத்தகத்தின் மேல் தட்ட ஆரம்பித்திருந்தன.

எங்கள் சபையில் நற்கருணைக்கு எழுந்து முன்னால் போவதில்லை. அப்பத்தட்டை மூப்பர்கள் ஒவ்வொரு பெஞ்சுக்கும் கொண்டுவருவார்கள், அது ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும். கடைசி பெஞ்சுக்கு வந்தபோது மூப்பர் ஒரு நொடி தயங்கினார். பிறகு தட்டை அப்பாவிடமே நீட்டினார். அப்பா எடுக்காமல் மாமியிடம் கொடுத்தார். மாமி இரண்டு கையாலும் வாங்கி, என்ன செய்வது என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா ஏதோ சொன்னார். மாமி தட்டைப் பத்திரமாக அடுத்தவரிடம் கொடுத்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது நான் மாமியிடம் போய், "ராங் நம்பர்னாலும் எங்களுக்காக வேண்டிக்கிட்டதுக்கு தேங்க்ஸ், மாமி" என்றேன்.

மாமி என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "ராங் நம்பரா? அவன் என்னிக்காவது கூப்பிடுவான்னுதானே அந்த நம்பரை மாத்தாம வெச்சிண்டிருந்தேன்! மாமி இல்லேடி கொழந்தே, அத்தைன்னு கூப்பிடு."

சரி என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டேன். எங்கள் சபையில் நடமாடுகிற பெரிய பெண்கள் எல்லாருமே எனக்கு அத்தையோ ஆன்ட்டியோதான். இன்னொருவர் கூடியதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அவர் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா என்பதும், அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பதும், 'தூரம்' என்று அப்பா சொன்ன இடம் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம் என்பதும் எனக்கு விளங்க இன்னும் சில வருடங்கள் ஆயின. வேண்டுமென்றேதான் அந்த எண்ணை அழுத்தினாரா என்று வளர்ந்த பிறகு அப்பாவைக் கேட்டேன். "விரல் அதுவா போச்சு" என்றார். அதைச் சொன்னபோதும் அவர் சுவரைத்தான் பார்த்தார். போனின் மேல் கையை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரம் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. அதுவரைக்கும், அன்று எங்கள் வீட்டில் ஜெபம் செய்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.