அமைச்சர் வீட்டு முற்றம்

துடியலூர்ப் பக்கம் இருக்கும் அந்தப் பெரிய வீட்டை வானத்திலிருந்து படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று மகள் செல்போனைக் காட்டினாள். படம் எடுத்தவர் இத்தாலிக் கல், தேக்குத் தூண், வீட்டுக்குள்ளேயே லிஃப்ட் என்று மூச்சுவிடாமல் அடுக்குகிறார். நடுவில் வானம் பார்த்த முற்றத்தைக் மட்டும் ஒரு நொடி காட்டிவிட்டு அடுத்த அறைக்குத் தாவிவிடுகிறார். அந்த முற்றத்தைப் போட்டவர் காலமாகிவிட்ட என் வீட்டுக்காரர். அவர் மேஸ்திரி, நான் சித்தாள். அமைச்சர் வீட்டுக்கு மண் சுமந்தவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. சொல்லாவிட்டால்தான் தூக்கம் வராது.

மூன்று தலைமுறையாக அரசியலில் இருக்கும் குடும்பம். பழைய பண்ணை வீட்டில் இருந்ததுபோல முற்றம் வேண்டும், மழை உள்ளே விழ வேண்டும் என்பது அமைச்சரின் ஆசை. தண்ணீர் ஓட நாங்கள் வைக்கும் சரிவை வாட்டம் என்போம். தென்மேற்கில், கன்னி மூலைக்கு வாட்டம் வைத்து அடித்தளம் போட்டு முடித்த பிறகு வாஸ்துக்காரர் வந்து, தண்ணீர் வெளியேறும் சலதாரையை வடகிழக்கில், ஈசானிய மூலைக்கு மாற்றச் சொன்னார். மாற்றினோம். அவசரத்தில், கன்னி மூலையில் இருக்கும் அமைச்சரின் படுக்கையறையை ஒட்டிய நான்கு வரிசைக் கல்லுக்கு மட்டும் பழைய வாட்டமே தங்கிவிட்டது.

கிரகப்பிரவேசத்தன்று விடியற்காலையில் கோலம் போட முற்றத்தைக் கழுவியபோது நான்தான் அதைப் பார்த்தேன். படுக்கையறை நிலைப்படியில் தண்ணீர் தேங்கி நின்றது. யாரும் பார்ப்பதற்குள் சேலைத் தலைப்பாலேயே துடைத்தேன். நிமிர்ந்தால் எதிரில் என் வீட்டுக்காரர் நிற்கிறார்.

"ஏனுங்க, வாயத் தொறந்துபோடாதீங்க. இந்த ஊட்டுல பேரு கெட்டா கோயமுத்தூருல ஒருத்தரும் நம்மளக் கூப்பிட மாட்டாங்க" என்றேன். அவர் குனிந்து அந்த ஈரக் கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

எங்கள் பக்கம் புது வீட்டில் பால் காய்ச்சியதும், கட்டியவர்களுக்கு மரியாதை செய்வார்கள். கட்சிக்காரர்கள், சொந்தபந்தம் எல்லாரும் பார்க்க, அமைச்சர் தாம்பாளத்தில் வேட்டி துண்டு வைத்து நீட்டினார். என் வீட்டுக்காரர் கை நீட்டவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க ஐயா. உங்க ரூம்புப் பக்கம் வாட்டம் தப்பிப்போச்சுங்க. என்ற தப்புத்தானுங்க. பேத்துச் செரி பண்ணிப்போட்டு, ஒரு மழ பேஞ்சு தண்ணி வடிஞ்சதுக்கப்புறம் வாங்கிக்கறேனுங்க."

அமைச்சரின் முகம் சுருங்கியது. நீட்டிய தாம்பாளத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். பக்கத்தில் இருந்த இன்ஜினியர், "அதெல்லாம் ஒன்னுமில்லீங்க சார்" என்று முன்னால் வந்தார். அமைச்சர் அவரைக் கையமர்த்திவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக் கல்லில் ஊற்றினார். அது நேராக அவருடைய படுக்கையறைக்குப் போனது. சொம்பைக் கீழே வைத்தவர், "நாளைக்கே பேத்துருங்க மேஸ்திரி" என்றார். அவ்வளவுதான். அன்றைய விருந்தில் நான் இலையைப் பாதியிலேயே மூடிவிட்டேன். என் வீட்டுக்காரரோ இரண்டாவது தடவையும் பாயசம் கேட்டு வாங்கினார்.

ஐப்பசியில் மழை பிடித்த அன்று கார் அனுப்பி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அமைச்சரும் அவர் மனைவியும் நாங்களுமாக முற்றத்தைச் சுற்றி நின்று தண்ணீரை வேடிக்கை பார்த்தோம். ஒரு சொட்டுத் தேங்காமல் ஈசானிய மூலைக்குப் போய் இறங்கியது. அத்தனை பெரிய வீட்டில் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. அமைச்சர் மறுபடியும் தாம்பாளத்தை நீட்டினார். வேட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட என் வீட்டுக்காரர், என்னை முன்னால் நிறுத்தி, "வாட்டம் தப்புன்னு மொதல்ல கண்டது இவதானுங்க" என்றார். அமைச்சரின் மனைவி உள்ளே போய் ஒரு பட்டுச்சேலையை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

அன்று நான் தண்ணீரைத் துடைத்து மறைத்ததை என் வீட்டுக்காரர் சாகும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது நானே சொல்கிறேன்.