இரண்டு கூடைக் களிமண்

“...சரி, பேப்பர்ல பாஸுன்னு போட்டிருக்கு, சந்தோஷம். ஆனா இந்த வாட்டி கொழாய்ல ஊத்துனது எந்தத் தண்ணி தம்பி? இதுவும் எங்கூட்டு கெணத்துத் தண்ணிதானா?” என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார் அந்த அக்கா.

கேட்கிற உரிமை அவருக்கு இருந்தது. அதைக் கொடுத்தவனே நான்தான்.

சுனாமி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கடலூருக்குத் தெற்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் கழிவுநீரைத் தேக்கி வைக்கக் குளம் வெட்டினார்கள். அதன் அடியிலும் கரையிலும் களிமண்ணைப் பரப்பி, ரோலர் ஓட்டி இறுக்கி, தண்ணீர் பூமிக்குள் இறங்காமல் செய்வது எங்கள் கான்ட்ராக்ட். நான் மேஸ்திரி. பத்தாவதோடு நின்றவன். மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கையில் உருட்டிப் பார்த்தும், யாரைக் கண்டாலும் பேச்சுக் கொடுத்தும் தெரிந்துகொண்டவைதான். நல்ல பேச்சு காதில் விழுந்தால் சட்டைப்பை நோட்டில் எழுதிவிடுவேன்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் வீடு. இட்லி மாவு ஆட்டி விற்பவர். சுற்று வட்டாரத்தில் பல கிணறுகள் உப்புக் கரிக்கும், அவருடையது கரிக்காது. “எம் மாவு நல்லா வர்றது என் கையில இல்ல தம்பி, இந்தக் கெணத்துல இருக்கு” என்பார். குளம் கசிந்தால் முதலில் கெடப்போவது அந்தக் கிணறு. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

களிமண் மாதிரியைச் சிதம்பரத்தில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மண்ணை இரும்பு அச்சுக்குள் இடித்து, மேலே ஒரு கண்ணாடிக் குழாயை நிறுத்தி, குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று நாள்கணக்கில் பார்ப்பார்கள். “கொளத்துல என்ன தண்ணி நிக்கப்போவுதோ அதுலயே ஒரு கேன் கொண்டாங்க” என்று போனில் சொன்னார்கள்.

தொழிற்சாலைக் கழிவுநீரையே ஒரு கேனில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ் ஏறினேன், நாற்றம் தாங்காமல் மூன்றிலும் இறக்கிவிட்டார்கள். மூன்றாவது கண்டக்டர், “யோவ், இத ஏத்துனா நான் இறங்கிக்கிறேன், நீயே டிக்கெட் போட்டுக்க” என்றார். அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பி வந்தேன். மறுநாள் வேறொரு கேனில் அக்காவின் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, ஜன்னலோர சீட்டில் காற்று வாங்கியபடி சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். தண்ணீர் தண்ணீர்தானே என்று நினைப்பு. ரிசல்ட்டும் பிரமாதமாக வந்தது.

அந்தப் பேப்பரை அக்காவிடம் காட்டினேன். வாய் சும்மா இருக்குமா? கண்டக்டர் கதையையும் கிணற்றுத் தண்ணீர் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அப்ப எங்க கெணத்துத் தண்ணி எங்க கெணத்துக்குள்ள வராதுன்னு எழுதி வாங்கியாந்திருக்க.”

அன்றைக்கு நோட்டை எடுக்கக் கை வரவில்லை.

அடுத்த நாள் அவர் இரண்டு மூங்கில் கூடைகளை எடுத்துவைத்தார். எங்கள் களிமண்ணையே கேட்டு வாங்கி, தோசை மாவைத் தேய்ப்பது போல இரண்டிலும் விரல் கனத்துக்கு மெழுகினார். கற்களின் மேல் ஏற்றிவைத்து, அடியில் அடுப்புச் சாம்பலைப் பரப்பினார். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றில் கழிவுநீர், அதை மூக்கைப் பொத்திக்கொண்டு நானே ஊற்றினேன். நான்கு நாள் இரண்டு சாம்பலும் காய்ந்தே கிடந்தன. “பாத்தீங்களாக்கா” என்று நான் வாய் திறந்த ஐந்தாம் நாள், கழிவுநீர்க் கூடைக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம். ஆறாம் நாள் சாம்பலே சேறாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீர்க் கூடைக்கு அடியில் சாம்பல் ஊதினால் பறந்தது.

ரோலர் ஓட்டுகிற என் மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, நீ சிதம்பரத்துக்குப் போனதுக்கு மாவு வாங்க வந்திருக்கலாம்” என்றான்.

இந்த முறை கழிவுநீர்க் கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு போனேன். பரிசோதனைக் கூடத்து அண்ணன் மூடியைத் திறந்ததும் சுவர் வரை பின்வாங்கினார். “போன தடவ கொண்டாந்தது எந்த ஊரு கழிவுங்க? டீ போடலாம் போல இருக்கேன்னு அப்பவே நெனச்சேன்.” நான் உள்ளதைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினார்: “நல்ல தண்ணியில களிமண்ணு ஊறி வீங்கும், சந்தெல்லாம் அடச்சிக்கும். இந்த மாதிரி உப்பும் கெமிக்கலும் ஜாஸ்தியா இருக்கற தண்ணி பட்டா, வீங்குனது சுருங்கும். துகளெல்லாம் கொத்துக் கொத்தா சேந்துக்கும், நடுவுல வழி விட்டுடும். ஒரே மண்ணுதான். வர்ற ஆளப் பொறுத்து மரியாத.”

கடைசி வரியை எழுதிக்கொண்டேன். கழிவுநீரை ஊற்றிய குழாயில் தண்ணீர் இறங்கியதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

அதற்குள் பாதிக் குளத்தில் களிமண் போட்டு முடித்திருந்தோம். மச்சான் முணுமுணுத்துக்கொண்டே அவ்வளவையும் கிளறினான். அந்த அண்ணன் சொன்னபடி ஈரத்தைக் கொஞ்சம் கூட்டினோம். கட்டிகளை உடைத்தோம். இரும்பு முளைகள் வைத்த ரோலரால் படை படையாக மிதித்து, முன்பைவிடக் கனமாகப் போட்டோம். “மேல பிளாஸ்டிக் ஷீட்டும் போட்டுடுங்க, களிமண்ணு தனியா சண்டை போட வேணாம்” என்றிருந்தார். அதற்கும் தொழிற்சாலையில் பேசி ஒப்புக்கொள்ள வைத்தோம். புதிதாக இறுக்கிய மண்ணிலிருந்து மாதிரி வெட்டி, மறுபடியும் கழிவுநீர்க் கேனோடு மொபெட்டில் போனேன். ஒரு மாதம் பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் இறங்கியதாகவே தெரியவில்லை. மிச்சமிருந்த கழிவுநீரை அங்கே விடக்கூடாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். மூடி சரியில்லாத கேன். கடலூர் வரை முதுகில் தெளித்துக்கொண்டே வந்தது.

அப்படி வந்து பேப்பரை நீட்டியபோதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் திரும்பி நின்று முதுகைக் காட்டினேன்.

அருகே வந்து ஒரு தடவை முகர்ந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு கிணற்றடியில் நின்ற என் காதைப் பிடித்து, கிணற்றை விட்டு நன்றாகத் தள்ளி, தெருவோரச் சாக்கடை வரை இழுத்துப்போய் நிறுத்திவிட்டு, திரும்பிப் போய் வாளி நிறைய இறைத்துக்கொண்டுவந்து, சிரித்துக்கொண்டே என் தலையில் ஊற்றினார்.