பாடம் சொன்னவர் போடும் பதக்கம்

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு ஜோலார்பேட்டையில் பெங்களூரு ரயிலில் ஏறினேன். கையில் இரண்டு பைகள். ஒன்றில் அண்ணன் மகள் நிவேதாவுக்கு அவள் அம்மா சுட்டுக் கொடுத்த அதிரசமும் முறுக்கும். மற்றதில் குடை, தண்ணீர், ஒரு மாற்றுப் புடவை. இவை போக அண்ணன் ஒப்படைத்த வேலை ஒன்றும் இருந்தது. அதுதான் அதிகக் கனம்.

நிவேதா மல்லேஸ்வரத்தில் ஒரு கல்லூரியில் பி.காம் இரண்டாம் ஆண்டு. கல்லூரி வாலிபால் அணியில் ஆடுகிறாள். திருப்பத்தூரில் டயர் கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்கு அந்தப் பந்து படிப்பை விழுங்கிவிடும் என்று பயம். "ஸ்டாடிஸ்டிக்ஸ்ல அறுபதுக்கு ஒரு மார்க் கொறஞ்சாலும் டீமை விட்டு வந்துடணும்" என்று பொங்கலுக்கு வந்தவளிடம் கறாராகச் சொல்லி அனுப்பினார். தேர்வு முடிவு வந்தும் அவள் மார்க்கைச் சொல்லவில்லை. "நல்லா படிச்ச பிளேயர்ஸுக்குக் காலேஜ்ல விழா வெக்கிறாங்க அத்தை. நானும் மேடைக்கு வருவேன். வந்து பாருங்க" என்றாள். அண்ணன் கடையை விட்டு அசைய மாட்டார். எனக்கு வங்கி விடுமுறை. ஒற்றர் வேலை என் தலையில் விழுந்தது.

ஏறத்தாழ நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். குப்பம் தாண்டியதும் எதிர் இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டுகிறாராம். விஷயத்தைச் சொன்னேன்.

"என் பையனும் நல்லா கபடி ஆடுவான் மேடம். பத்தாவது வந்ததும் நிறுத்திட்டோம்."

"மார்க் கொறஞ்சுதா?"

"இல்ல. எல்லாரும் நிறுத்துறாங்க, நாங்களும் நிறுத்திட்டோம்" என்றார்.

பத்து மணிக்குப் பெங்களூரு மெஜஸ்டிக் நிலையம். வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் ஒருவர் என் பையைப் பார்த்தே தமிழில் ஆரம்பித்தார்.

"மல்லேஸ்வரமாக்கா? நூத்தம்பது குடுங்க, போலாம்."

"மூணு கிலோமீட்டருக்கா? அந்தக் காசுக்கு நான் ஊருக்கே திரும்பிப் போயிடுவேனே!"

"அப்ப மெட்ரோல போங்கக்கா, பத்து ரூபா" என்று சிரித்துக்கொண்டே கை காட்டினார். இவ்வளவு நல்ல மனிதரிடமா பேரம் பேசினோம் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரே ஒரு நிறுத்தம்தான். சம்பிகே ரோடு நிலைய வாசலில் நிவேதா நின்றிருந்தாள். பையை வாங்க நீட்டிய வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வெள்ளை டேப் சுற்றியிருந்தது.

"என்னடி இது?"

"மேட்ச்ல வீங்கிச்சு அத்தை. இப்ப ஆறிடுச்சு. பழக்கத்துக்குச் சுத்திக்கிறேன்."

"மார்க்கு?"

"முதல்ல தட்டு இட்லி சாப்புடுங்க."

நாற்பது ரூபாய் இட்லியும் இருபது ரூபாய் காப்பியும் உள்ளே போயின. அண்ணனுக்குச் சொல்ல மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பதினொன்றரைக்கு விழா. உள்விளையாட்டரங்கில் வலையைக் கழற்றிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். உடற்கல்வி இயக்குநர் அம்மா ஒலிபெருக்கியில் விதியைச் சொன்னார். எல்லாப் பாடத்திலும் அறுபதுக்கு மேல் வாங்கிய வீரர்களுக்குப் பதக்கம். அதைச் சிறப்பு விருந்தினர் போடுவதில்லை. ஆடப் போனதால் விட்டுப்போன பாடத்தை யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவரை வீரரே மேடைக்கு அழைக்க வேண்டும். அவர்தான் போடுவார்.

இது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. நீச்சல்காரப் பையன் ஒருவன் தன் அம்மாவைக் கூப்பிட்டான். கிரிக்கெட் பையன் கூப்பிட்ட விடுதி நண்பன் ரப்பர் செருப்போடு ஓடி வந்தான். அரங்கமே கைதட்டியது.

பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. நிவேதா பெயர் வரவில்லை. அண்ணனின் அழைப்பு மடியில் அதிர்ந்தது, நான் எடுக்கவில்லை. இந்தப் பெண்ணை மூட்டை கட்டி ஊருக்கு அழைத்துப் போகவா வந்தேன்?

கடைசியாக, விளையாட்டு வீரர்களிலேயே அதிக மதிப்பெண் பெற்ற ஸ்டெல்லாவை அழைத்தார்கள். பெங்களூரு அடுகோடியில் வளர்ந்த தமிழ்ப் பெண், நிவேதாவின் வகுப்பு, வாலிபால் அணியின் தலைவி. மாநில முகாமுக்குப் போனதால் பாதிப் பருவம் வகுப்புக்கே வராதவளாம். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, "நிவேதா, பா இல்லி" என்று கன்னடத்தில் கூப்பிட்டாள்.

நிவேதா மேடையேறினாள். ஸ்டெல்லா அதே மொழியில் ஏதோ சொல்லிவிட்டு, என்னைத் தேடிப் பிடித்துத் தமிழுக்கு மாறினாள்.

"ஆன்ட்டி, சும்னே... சும்மா சொல்லல. நான் கேம்ப்லேந்து வந்ததும் தினமும் பிராக்டிஸ் முடிஞ்சு கோர்ட்லயே உக்கார வெச்சு எனக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் சொல்லிக் குடுத்தா. எனக்கு எண்பத்தொண்ணு. பரீட்சைக்கு மொத நாள் மேட்ச்ல இவ விரல் வீங்கிப் போச்சு. பேனாவே புடிக்க முடியல. ரெண்டு கேள்வி எழுதாமயே விட்டுட்டா. இவளுக்கு அம்பத்தெட்டு."

டேப் சுற்றிய விரல்கள் பதக்க நாடாவைப் பிரிக்க முடியாமல் திணறின. ஸ்டெல்லா தலையைக் குனிந்து பொறுமையாக நின்றாள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எழுதுவதற்கு வெட்கமில்லை.

"அப்பாகிட்ட விரலைப் பத்தி ஏன்டி சொல்லல?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"சாக்குன்னு நினைப்பாரு. நீங்க நேர்ல பாத்துட்டுச் சொன்னா நம்புவாரு அத்தை."

யார் யாருக்கு ஒற்றர் என்பது அப்போதுதான் புரிந்தது.

மாலை நாலேகாலுக்குக் கண்டோன்மெண்ட் நிலையத்தில் வழியனுப்ப இருவரும் வந்தார்கள். ஸ்டெல்லா பதக்கத்தைக் கழற்றவே இல்லை, முறுக்கில் பாதியை முடித்திருந்தாள். எங்கள் ஊரில் படிப்புக்கு ஒரு நாள் பரிசு, விளையாட்டுக்கு வேறு நாள் பரிசு. இரண்டுக்கும் வேறு வேறு பிள்ளைகள்தான் வருவார்கள் என்று நாமே முடிவு செய்துவிட்டோம்.

ரயில் கிளம்பியதும் அண்ணனை அழைத்தேன். எதையும் பூசி மெழுகவில்லை. ஐம்பத்தெட்டு என்றேன். பிறகு மேடையில் நடந்ததை முழுதாகச் சொன்னேன். மறுமுனையில் டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தின் சத்தத்துக்கு மேல் அண்ணன் கத்தினார்.

"எண்பத்தொண்ணு வாங்குன பொண்ணுக்கு நம்ம பொண்ணா சொல்லிக் குடுத்துச்சு?"

"ஆமாண்ணா."

"நெசமாவா?"

"என் கண்ணால பாத்தேண்ணா."

இயந்திரத்தை நிறுத்தியிருப்பார் போல. குரல் தெளிவாக வந்தது.

"விரல் இப்ப மடங்குதான்னு பாத்தியா?"

"மடங்குது."

"சரி. அடுத்த தடவ மேட்ச்சுக்கு மறுநாள் பரீட்சை வந்தா எங்கிட்ட முன்னாடியே சொல்லச் சொல்லு. நான் வந்து கூட இருக்கேன்."