மாமாவுக்கு நான் பார்த்த பத்தியம்

பத்து வயதில் நான் ஒரு பெரிய மனிதருக்குப் பத்தியம் பார்த்துக் குணமாக்கினேன். ரொம்பக் காலம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களுக்கே திரும்பவும் சொல்லியிருக்கிறேன்.

எங்களுடையது எரியோட்டுப் பக்கத்து மானாவாரிக் காடு. கம்பு, சோளம், கடலை, வரப்போரத்தில் துவரை. அதில் விளைந்ததுதான் எங்கள் அடுப்பில் ஏறும். காலையில் மோர் விட்டுக் கரைத்த கம்மங்கூழும் சின்ன வெங்காயமும், மத்தியானம் சோளச்சோறும் முருங்கைக்கீரையும், பொழுது சாய்ந்தால் சுடச்சுடக் கம்மஞ்சோறு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளிக்கும்தான். பல்லுக்கு வேப்பங்குச்சி, வெள்ளிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய். காப்பித்தூளை அம்மா வாசப்படி தாண்ட விட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு வைத்தியர் ஒரே ஒரு தடவைதான் வந்தார், அதுவும் மாட்டைப் பார்க்க. அம்மாவுக்கு இதிலெல்லாம் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. அதில் பாதி எனக்கும் ஒட்டியிருந்தது.

அக்காவைச் சித்தையன்கோட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். அது வாய்க்கால் பாயும் நெல்லுக்காட்டு ஊர். மூன்று வேளையும் அரிசிச்சோறு. எங்கள் ஊர்ப் பெண்களெல்லாம் அக்காவுக்கு யோகம் அடித்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி, கம்பங்காட்டுப் பெண்ணுக்கு நெல்லுச்சோறு செரிக்குமா என்று பந்தியில் வைத்தே கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் ஒப்புக்குச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கிழவியின் வெற்றிலைப் பையை எடுத்து வைக்கோல் போருக்குள் சொருகிவிட்டு வந்தேன்.

வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் வழக்கப்படி அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வண்டியை விட்டு இறங்கியவளைப் பார்த்து அம்மா அப்படியே நின்றுவிட்டாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, கையில் போட்ட வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிற அளவுக்கு அக்கா இளைத்திருந்தாள். மாமியார் கொடுமையா, மாப்பிள்ளை கைநீட்டுகிறாரா என்று அம்மா துருவித் துருவிக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டிய அக்கா, அன்று சாயங்காலம் கம்மஞ்சோற்றை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். வட்டிலை வழித்து விரலையும் நக்கினாள். அம்மா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு மாதத்தில் அக்காவுக்குப் பழைய உடம்பு திரும்பிவிட்டது. ஆனால் ஆடி முடிய முடிய அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. திரும்பப் போனால் பிள்ளை திரும்பவும் கரைந்து போவாளே என்று அப்பாவிடம் புலம்பினாள். நல்ல இடத்தில் வாழப்போன பெண்ணை, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எந்த வாயால் நிறுத்தி வைப்பது என்று அப்பா கேட்டார். அக்கா உரலடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அழைத்துப் போக மாப்பிள்ளை வருவார் என்று எதிர்பார்த்தோம். அக்காவின் மாமனாரே வந்து நின்றார். நல்ல உயரம், தொந்தி, தோளில் வெள்ளைத் துண்டு. எனக்கும் அவர் மாமாதான். அம்மா அவசர அவசரமாக அரிசியைக் களைந்தாள். அவர் வேண்டாமென்று கையமர்த்தினார்.

“தங்கச்சி, நெல்லுச்சோறு எனக்கு ஆகாதுன்னுட்டாரு திண்டுக்கல்லு டாக்டரு. நீர்ல சர்க்கரை இருக்காம். கம்பு சாப்பிடச் சொல்லிருக்காரு. எங்க வீட்டுல கம்பைக் குத்தி ஆக்க ஒருத்திக்கும் தெரியாது. மருமகளுக்குத் தெரியும்ல?”

அம்மாவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். நெல்லுக்காட்டுப் பெரிய வீட்டுக்காரர் எங்கள் கம்பைத் தேடி வந்து முற்றத்தில் நிற்கிறார். தானியம் கொட்டி வைக்கும் குலுக்கையின் வாயைத் திறந்து, தான் விதைக்கென்று ஒதுக்கிய மணிக்கம்பையே ஒரு சாக்கு நிறைய அள்ளிக் கட்டினாள். எப்படித் தண்ணீர் தெளித்துக் குத்துவது, எத்தனை தடவை புடைப்பது என்று அவருக்கே ஒரு பாடம் நடத்தினாள். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பக்குவம் தப்பாமல் பார்த்துக்கொள்ள என்னையும் நான்கு நாள் அனுப்புவதாக ஏற்பாடாயிற்று. அரிசி கூடாது, வெல்லம் கூடாது, பலகாரத்தைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று அம்மா என்னிடம் படித்துப் படித்துச் சொன்னாள். நான் பஸ்ஸில் அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்து போனேன்.

அங்கே முதல் நாளே முணுமுணுப்பு ஆரம்பித்தது. கூலியாட்களுக்குக் காய்ச்சுவதை நடுவீட்டில் காய்ச்ச வேண்டியிருக்கிறதே என்று மாமாவின் மனைவி சலித்துக்கொண்டாள். அக்கா காதில் வாங்காதவள்போலக் குத்திப் புடைத்து, பானை நிறையக் கிண்டி இறக்கினாள். கீரையும் பருப்பும் கடைந்து வைத்தாள். மாமா வந்து உட்கார்ந்தார். வட்டிலைத் தொடவில்லை.

“மருந்தை ஆக்குனவ மொதல்ல சாப்பிட்டுக் காட்டணும். அப்பத்தான் எனக்கு எறங்கும்.”

அந்த வீட்டில் ஆம்பிளைகள் சாப்பிட்டு எழுந்து, மாமியார் கையலம்பிய பிறகுதான் மருமகள் வட்டிலை எடுக்கலாம். அக்கா திகைத்துப்போய் மாமியாரைப் பார்த்தாள். மருந்து என்று சொன்ன பிறகு அந்தம்மாவால் என்ன செய்ய முடியும்? முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அக்கா சுவரோரமாக உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். மிச்சத்தை வீணாக்காமல் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் கூழாகக் கரைத்து மருமகளே குடித்துவிட வேண்டும் என்றும் மாமா உத்தரவு போட்டார். அதற்கும் டாக்டரைத்தான் சாட்சிக்கு இழுத்தார்.

என் கண்ணெல்லாம் மாமாவின் வட்டில் மேல்தான். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உருண்டையை எடுத்து வைத்துக்கொண்டு, அதை ஓணானை முழுங்குவது மாதிரி முழுங்கினார். இது எந்த மூலைக்குப் பத்தும் என்று நான் இன்னொன்று வைத்தேன். அதுவும் எப்படியோ உள்ளே போயிற்று. மூன்றாவதையும் வைத்துவிட்டு, அவர் எழுந்து போய்விடாதபடி எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மனிதருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் காதுகுத்திலிருந்து அதிரசம் வந்தது. மாமாவின் கை தட்டு வரைக்கும் போய்விட்டது. நான் தட்டை இழுத்துக்கொண்டேன்.

“ஆகாது மாமா.”

அவர் என்னைப் பார்த்தார். தன் மனைவியும் அங்கே நிற்பதைப் பார்த்தார்.

“ஆமாத்தா, ஆகாது” என்று கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வந்த பலகாரத்தை வீணாக்கக் கூடாதே என்று நானே தின்றேன்.

தெருவில் நான் கால் தரையில் படாமல் நடந்தேன். திண்டுக்கல் டாக்டரே எங்கள் கம்பைத்தான் எழுதிக்கொடுத்தார் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கடைசி நாள் அந்த வெற்றிலைப் பைக் கிழவியே வந்து, மூட்டுவலிக்குக் கேட்குமா என்று ஒரு படி கம்பு கேட்டாள். யோசித்துச் சொல்வதாக அவளை நிற்க வைத்துவிட்டு, அப்புறம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அறுப்புக்கும் எங்கள் காட்டிலிருந்து சித்தையன்கோட்டைக்குக் கம்பு போனது. அக்கா அந்த வீட்டில் இளைக்கவே இல்லை. மூன்று பிள்ளை பெற்றாள், அடுப்படி அவள் கைக்கு வந்தது. மாமாவும் திடமாக நல்லபடியாகவே நடமாடி, தலை முழுக்க நரைத்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார். காரியத்துக்குப் போயிருந்தபோது அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, சர்க்கரையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்தாரே, எல்லாம் நம் கம்பும் நான் போட்ட பத்தியமும்தான் என்று ஆரம்பித்தேன்.

“அவருக்குச் சர்க்கரையும் இல்ல, ஒண்ணும் இல்லடி” என்றாள் அக்கா.

எனக்கு விளங்கவில்லை. அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“நெல்லுச்சோறு செத்த நேரத்துல கரைஞ்சு போயிரும். மறுபடி பசிக்கும். புதுப்பொண்ணு எப்படிக் கேக்குறது? கேட்டா நம்ம அம்மாவத்தானே பேசுவாக. ஆடிக்கு வர்றதுக்கு மொத நாளு, கோழிக்கு வச்சிருந்த கம்பை ஒரு கை அள்ளி வாயில போட்டுட்டேன். திரும்புனா மாமா நிக்கிறாரு. ஒரு வார்த்தை கேக்கல. நான் மென்னு முழுங்குற வரைக்கும் அந்தப் பக்கமே திரும்பி நின்னாரு. மறுநா காலையில டாக்டரப் பாக்கணும்னு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிட்டாரு.”

பிற்பாடாவது நிறுத்தியிருக்கலாமே என்று கேட்டேன். அவளும் சொல்லிப் பார்த்தாளாம். இவர் நிறுத்தினால் பானை யாருக்காக ஏறியது என்று வீட்டில் தெரிந்துபோகுமே, மருமகளுக்குத் தலைக்குனிவாகிவிடுமே என்று, தொண்டையில் இறங்காத கம்பைக் கடைசி வரைக்கும் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த நான்கு நாளும் நான் மாமாவின் வட்டிலையே கண்கொட்டாமல் காவல் காத்தேன். சுவரோரமாக இருந்த அக்காவின் வட்டிலை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.