கம்ப்யூட்டருக்கு எதற்கு ஃபேன்

என் வீட்டுக்காரருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வராது. சொல்ல வேண்டிய இடத்தில் எதையாவது வாங்கிக் கொடுத்துவிடுவார். மகள் பத்தாவது முடித்ததும் கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் குரூப்பில் சீட் கிடைத்தது. அங்கே அத்தை வீட்டில் தங்கிப் படிக்கட்டுமா என்று அவள் கேட்டபோதும் அவர் அதைத்தான் செய்தார்.

"கம்ப்யூட்டர்தான கண்ணு வேணும்? பார்ட்ஸ் வாங்கி நம்ம ஊட்லயே ஒண்ணு கட்டிக்கலாம்" என்றார்.

கோத்தகிரியிலேயே, நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியிலேயே, வேறு குரூப் எடுத்துப் படிக்கட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கட்டும் என்பது அவர் போட்ட திட்டம். அது லஞ்சம் என்று எனக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும். ஆனால் மனுசர் மேல் கோபப்படவும் முடியவில்லை. தேயிலை ஃபேக்டரி ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே 'பாப்பா எங்கே' என்றுதான் கேட்பார். நான் எதிரிலேயே நின்றாலும் என்னைப் பார்த்து அதைத்தான் கேட்பார். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என்னாலும்தான் முடியவில்லை, ஆனால் என்னை யார் கேட்டார்கள்.

மகள் போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. பார்ட்ஸ் தேடுவதில் இறங்கிவிட்டாள். லீவு முழுக்கப் போனும் கையுமாக வீடியோ பார்த்தாள். சாப்பிட உட்கார்ந்தால் சாம்பாருக்குப் பக்கத்தில் பிராசசர் வந்து உட்காரும். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: இது படிப்புக்கா, விளையாட்டுக்கா? பிராசசர் ரெண்டுக்கும் என்பாள். ரேம் ரெண்டுக்கும் என்பாள். கிராபிக்ஸ் கார்டு வந்தபோது மட்டும் ஒரு வாய் சோற்றை நிதானமாக மென்றுவிட்டு, வீடியோ பாடம் தெளிவாகத் தெரியும் என்றாள். பொய் சொல்லவும் தெரியவில்லை, அப்பனை உரித்து வைத்த மாதிரி.

அப்பனோ அதற்குள் பெரிய நிபுணர் ஆகிவிட்டார். டிவி ரிமோட்டில் சத்தத்தைக் குறைக்கக் கேட்டால் சேனலை மாற்றுகிறவர், மதர்போர்டுதான் எல்லாத்தையும் தாங்கிப் பிடிக்கிறது என்று எனக்கு வகுப்பெடுத்தார். அப்பாவும் மகளும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். இதைத்தான் அந்த மனுசர் விட மாட்டேன் என்கிறார் என்று தோன்றும்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினோம். குஞ்சப்பனை செக்போஸ்ட்டைத் தாண்டியதும் மலைக்காரர்கள் எல்லோரும் செய்வதைப் போல ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, கோயமுத்தூரில் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது வேர்த்து வழிந்தது.

கடைக்காரர் எங்கள் வயசு ஆள், பொறுமைசாலி. அவர் எடுத்து வைத்ததில் பாதியை மகள் திருப்பிக் கொடுத்தாள். பவர் சப்ளை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்து, இது இந்தக் கார்டுக்குத் தாங்காதுங்ண்ணா என்றாள். அவர் உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். விரல் நீளம்கூட இல்லாத ஒரு எஸ்எஸ்டிக்காக அவரோடு அவள் வாதாடிய வாதாட்டத்தை இன்னொரு அம்மா பார்த்திருந்தால் திட்டியிருப்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் இதையெல்லாம் உள்ளே வைக்கும் பெட்டிக்கு, கேபினட்டுக்கு வந்தோம். பின்னால் ஒரு ஃபேன் கூடவே வரும், கிராபிக்ஸ் கார்டு போடுவதால் முன்னால் இன்னும் இரண்டு போட்டுக்கொள்வது நல்லது என்றார் கடைக்காரர். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, நாங்க கோத்தகிரிங்க. எங்க ஊட்ல மனுசனுக்கே ஃபேன் கெடையாதுங்க. கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க?"

வாஸ்தவம்தான். எங்கள் வீட்டு மச்சில் ஃபேன் மாட்ட ஒரு கொக்கிகூடக் கிடையாது. கீழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் மே மாதம் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு ஃபேன் எங்கே என்று கேட்டால், இவர் அந்தக் குளிரைத் தானே தயாரித்த மாதிரி பூரித்துப் போவார். வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் பெட்டிக்கு உள்ளே சூடு ஏறும் என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். இவர் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகமே உள்ளே வரும் என்றார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற ஆளை என்ன செய்வது? மகளே ஒரு வழி பண்ணட்டும் என்று அவள் பக்கம் திரும்பினேன்.

"வேண்டாங்ண்ணா. எங்க ஊருக்கு ஒண்ணே போதும்" என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் நாத்தனார் வீட்டு மாடி அறையில்தான் அவள் தங்குவதாகப் பேச்சு. தகரக்கூரை. வெயில் காலத்தில் சுவரில் கை வைத்தால் சுடும். இந்தப் பெட்டியைக் கொண்டுபோய் அந்த அறையில் வைக்கும் எண்ணம் துளியாவது இருந்தால் அவள் அந்த ஃபேன்களை விட்டிருக்க மாட்டாள். அப்பாவுக்காகச் சீட்டை விட்டுவிட்டாள். அதையும் முகத்தில் காட்டாமல், ஏதோ ஃபேன் கணக்கு மட்டும் பேசுவதைப் போலச் சொல்லிவிட்டாள்.

அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அன்றைக்கு இரண்டு பேர் மேலும் வந்தது. ஆனால் நான் வாயைத் திறந்து அவளைப் போகச் சொன்னால் அது அம்மா துரத்தியதாக ஆகிவிடும். அனுப்ப வேண்டியவர் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் பர்ஸை வெளியே எடுத்துவிட்டார். எடுத்தவர் அப்படியே மகளைப் பார்த்தார். அவள் கேபினட்டின் கண்ணாடி மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கட்டை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் அவருக்குத் தெரியாது, அந்தப் பிள்ளையைத் தெரியும். தோசையோ துணியோ எதிலும் தானாகப் போதும் என்று சொல்லிப் பழகாத பிள்ளை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அக்கா ஊட்டு மாடி ரூம்பு சூடா இருக்கும்ல?" என்று என்னைக் கேட்டார்.

வெந்து போகும் என்றேன்.

அவர் கடைக்காரரிடம் திரும்பினார். "அந்த ரெண்டு ஃபேனையும் போட்ருங்க. இது இங்க கோயமுத்தூர்லதாங்க ஓடப்போவுது."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "அப்பா, ஒண்ணே போதும்ப்பா" என்றாள்.

"போதாது சாமி" என்றார்.

அவள் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகும் பஸ்களைப் பார்த்தபடி நின்றார். அவர் கையிலிருந்த பர்ஸை வாங்கிக்கொண்டு பணம் கட்ட நான்தான் போனேன்.