ஜீனோபியாவும் இழுப்புக்காரனும்

ஒரு கை இரும்புச் சீப்பை அடுப்பில் வைக்கும்போதே மறு கை இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்கிவிடும். எது முந்தியது என்று பக்கத்தில் நிற்பவர்களாலும் சொல்ல முடியாது. தட்டு கரகரவென்று சுற்றும். சாக்ஸபோன் தொண்டையைச் செருமிக்கொண்டு வரும். ஜீனோபியா க்ரட்சர் சூடான சீப்பை எடுத்துச் செய்தித்தாள் துண்டு ஒன்றில் தேய்த்துப் பார்ப்பாள். தாள் பழுப்பேறினால் சீப்பு இன்னும் ஆற வேண்டும். ஏறாவிட்டால் நாற்காலியில் இருப்பவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

கான்சஸ் சிட்டியில், வைன் தெருவை ஒட்டிய சந்தில், மீன் பொரிக்கிற கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவள் கடை. ஒரே அறை, இரண்டு நாற்காலி, தலை அலச ஒரு தொட்டி. சுருட்டை முடியை எண்ணெய் தொட்டு நீவி, சூட்டுச் சீப்பால் இழுத்து நேராக்கி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தொப்பி சரியாக உட்காரும்படி செய்து அனுப்புவது தொழில். வெள்ளிக்கிழமை கீழே மீன் வாசம், மேலே முடி தீய்கிற வாசம். இரண்டும் மாடிப்படியில் சந்தித்துக்கொள்ளும். வாடிக்கைக்காரிகள் அதைப்பற்றிப் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள்.

அந்த மாடியில் ஒரு சட்டம் உண்டு: பாட்டுக் கேட்கலாம், காலாட்டக் கூடாது. பலகைத் தரை. யாராவது குதிகாலால் தாளம் போட்டால் ஊசி துள்ளும். "காலக் கட்டிப்போடு கண்ணு. ஊசி எகிறுனா என் கையும் எகிறும். அப்புறம் உன் காதுக்கு நான் பொறுப்பில்ல" என்பாள். ஊரே எழுந்து ஆடிய பாட்டுகளை, அங்கே நாலைந்து பெண்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தவர்களைப் போல விறைத்து உட்கார்ந்து கேட்பார்கள்.

தட்டுகளெல்லாம் மதுக்கடைகளிலிருந்து வந்தவை. காசு போட்டால் பாடும் பெட்டிகளுக்குத் தட்டு மாற்றுகிறவன், தேய்ந்துபோன பழையதை இவளிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். பதிலுக்கு அவன் மனைவிக்கு இங்கே தலை வாரிவிட வேண்டும். அவன் கொண்டுவருவதிலும் ஜீனோபியா பொறுக்கித்தான் எடுப்பாள். கனத்த குரலில் ஊதுகிற டெனர் சாக்ஸபோன் இல்லாத தட்டு அந்தப் படி ஏறாது. ட்ரம்பெட்டைப் பற்றிக் கேட்டால், "என் வீட்டுக்காரரு இருந்தவரைக்கும் கத்துனதே போதும்" என்று முடித்துவிடுவாள்.

தட்டுகளில் சாக்ஸபோன் வாசிக்கிற பெரிய ஆட்களை, அவர்கள் வாசிப்பே ஆளாக வந்து நிற்பதுபோல, அடுத்த தெருக்காரர்களாகத்தான் பேசுவாள். "ஹாக்கின்ஸ் வந்தா கதவத் தட்டவே மாட்டாரு. நேரா உள்ள வந்து பெரிய நாற்காலியில உக்காந்துருவாரு. லெஸ்டர் யங் அப்படியில்ல. வாசல்லயே நின்னுக்கிட்டு, நான் வரலாமா, தொந்தரவில்லையேன்னு கேப்பாரு." முடி முரட்டு முடியாக இருந்தால் ஹாக்கின்ஸ் தட்டு ஓடும். மனம் சரியில்லாமல் வந்தவளுக்கு லெஸ்டர். நெற்றியோரம், காதோரம் என்று சூடு தாங்காத இடத்தில் சீப்பு போகவேண்டிய நேரத்துக்கு பென் வெப்ஸ்டர். பென் இந்த ஊர்ப் பிள்ளை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மெதுவான பாட்டில் அவர் ஒரு சுரத்தை முடித்த பிறகும் குழலுக்குள் வெறும் காற்று போய்க்கொண்டிருக்கும். அந்தக் காற்று அடங்குகிற வரை ஜீனோபியா அடுத்த கற்றையை எடுக்க மாட்டாள்.

அல்மீடா ப்ரோடஸுக்கு அந்தக் காற்றுதான் பிடிக்கவில்லை. அல்லது, பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அல்மீடா பாப்டிஸ்ட் சபையின் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. வெள்ளைக் கையுறை இல்லாமல் மாடிப்படியின் கைப்பிடியைத் தொடமாட்டாள், தொட்ட பிறகு அதைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிடுவாள். முதல்முறை வந்த அன்றே, "இந்தச் சாராயக்கடைச் சத்தத்த நிறுத்தும்மா. நான் கர்த்தரோட பிள்ள" என்றாள். ஜீனோபியா நிறுத்தவில்லை, சத்தத்தைக் குறைத்தாள். அடுத்த முறை வந்தபோதும் அதே பேச்சு, அதே குறைப்பு. மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, ஜீனோபியா தட்டைப் பாதியில் தூக்கப் போனபோது அல்மீடா கண்ணைத் திறக்காமலேயே, ஆரம்பித்த எதையும் முடிக்காமல் விடுவது தன் வழக்கமில்லை என்றாள்.

பிறகு ஒருநாள் பென்னின் மெதுவான தட்டு ஒன்று முடிந்ததும் கேட்டாள்:

"யாரும்மா அது? இழுப்பு நோயா அந்தாளுக்கு?"

"இல்ல சிஸ்டர், அவரு வாசிக்கிறதே அப்படித்தான்."

"பாவம். யாராச்சும் நெஞ்சுல தைலம் தேச்சுவிட்டாத் தேவல."

அன்றிலிருந்து பென் வெப்ஸ்டர் அந்தக் கடையில் இழுப்புக்காரன் ஆகிவிட்டார். வேறு தட்டு ஓடுகிற நாளில் அல்மீடா ஒரு பாட்டு முடிகிற வரை பொறுத்துப் பார்ப்பாள். பிறகு, "இன்னிக்கு இழுப்புக்காரன் தொல்ல இல்ல போலிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். ஜீனோபியா முகத்தில் ஒன்றும் காட்டாமல் போய்த் தட்டை மாற்றுவாள். வாரம் விட்டு வாரம், வெள்ளிக்கிழமை, பல வருஷம் இப்படியே நடந்தது. இதற்கு என்ன பெயர் என்று இருவரில் ஒருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

போன பிப்ரவரியில், தெருவெல்லாம் பனி மூடிய ஒரு காலை, சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்த அல்மீடா அப்படியே சரிந்துவிட்டாள். அக்கம்பக்கத்தார் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மகள் டெல்ஃபின் செயின்ட் லூயியில் பள்ளி ஆசிரியை. ரயிலேறி வந்தவள், அம்மாவின் தலையை அம்மாவுக்கு வழக்கமாக வாரிவிடுகிறவரே வாரிவிட வேண்டும் என்று ஜீனோபியாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

இறந்தவர்களுக்குத் தலை வாருவது ஜீனோபியாவுக்குப் புதிதில்லை. இந்தத் தொழிலில் அதுவும் உண்டு. ஆனால் அன்று சீப்பையும் எண்ணெய் டப்பாவையும் பைக்குள் வைத்த பிறகும் கிளம்ப முடியவில்லை. ஜன்னலோரம் நின்றாள். உட்கார்ந்தாள். கடைசியில் இசைத்தட்டுப் பெட்டிக்குள் பென்னின் தட்டு ஒன்றை வைத்து, மூடியைச் சாத்தி அதையும் தூக்கிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கைதான் எடுத்தது.

சவ அடக்கம் செய்து தருகிற பர்னெல் பின்னறையைத் திறந்துவிட்டார். முன்பக்கம் மட்டும் செய்தால் போதும், பின்தலை தலையணையில்தானே இருக்கப்போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்றார். ஜீனோபியா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

சீப்பைச் சூடாக்கி, வகிடு எடுத்து, முதல் கற்றையைப் பிடித்தாள். கை நடுங்கியது. உயிரோடு இருப்பவளுக்குச் சூடு பட்டால் ஒரு 'ஸ்ஸ்' வரும், களிம்பு தடவினால் ஒரு வாரத்தில் ஆறிவிடும். இவளுக்குப் பட்டால் ஆறாது. அந்தத் தழும்போடுதான் சபை முழுவதும் பார்க்க முகம் காட்டிப் படுத்திருப்பாள். ஜீனோபியா சீப்பைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். பென்னின் தட்டை எடுத்து வைத்து ஊசியை இறக்கினாள்.

அந்த நேரம் பார்த்து டெல்ஃபின் உள்ளே வந்தாள். கையில் அம்மாவுக்கு உடுத்த வேண்டிய வெள்ளை உடுப்பு. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன இது, மிஸ் ஜீனி? அம்மா இந்த மாதிரிப் பாட்ட வீட்டுக்குள்ளயே விட்டதில்ல. ரேடியோவுல வந்தாக்கூட எழுந்து போய் அணைச்சுருவாங்க. அவங்க தலமாட்டுலயா இத வைக்கிறீங்க?"

பதில் ஜீனோபியாவின் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. எத்தனை வெள்ளிக்கிழமைகள், எத்தனை இழுப்புக்காரன்கள். சொல்லியிருந்தால் ஒரே நிமிஷத்தில் வழக்கு தீர்ந்திருக்கும். ஆனால் தன் சொந்த வீட்டிலேயே ஒருத்தி மறைத்து வைத்திருந்ததை, இல்லையென்று மறுக்க வாயில்லாமல் அவள் படுத்திருக்கும்போது எடுத்து விரிக்க ஜீனோபியாவுக்கு மனம் வரவில்லை.

"நீ சொல்றது சரிதான் கண்ணு. எங்கிட்டயும் நிறுத்து நிறுத்துன்னுதான் திட்டுவாங்க. இது அவங்களுக்கில்ல, எனக்கு. இது ஓடலேன்னா எனக்குக் கை நிக்காது. உங்கம்மாவச் சுட்டுருவேனோன்னு பயமா இருக்கு."

சொல்லிவிட்டுக் கையை நீட்டிக் காட்டினாள். டெல்ஃபின் அந்தக் கையைப் பார்த்தாள்.

"சரி. சத்தத்தக் கொறச்சு வைங்க."

குறைத்து வைத்தாள். கை நின்றது. முன்நெற்றி, உச்சி, வலப்பக்கம் என்று கற்றை கற்றையாக முடி படிந்து வந்தது. தட்டு முடிந்தபோது ஜீனோபியா அதையே மறுபடி வைத்தாள். டெல்ஃபின் முதுகைக் காட்டிக்கொண்டு மேஜையில் உடுப்பை விரித்து, கழுத்துப்பட்டியின் சுருக்கங்களை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் அவள் அந்த மெட்டை முனக ஆரம்பித்தாள். தட்டைப் பின்தொடர்ந்து அல்ல. சாக்ஸபோன் போகவிருந்த இடத்துக்கு அவள் ஒரு நொடி முன்னாலேயே போய் நின்றாள்.

ஜீனோபியாவின் சீப்பு பாதிக் கற்றையில் நின்றுவிட்டது. டெல்ஃபினும் நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"இது அம்மாவோட பாட்டு" என்றாள். "காலையில மாவு பிசையறப்ப முனகுவாங்க. ஏதோ பழைய கீர்த்தனைன்னு நெனச்சேன். சின்ன வயசுல வார்த்த சொல்லிக்குடுன்னு கேட்டா, போய் வேலையப் பாருன்னு வெரட்டிருவாங்க." இசைத்தட்டுப் பெட்டியையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுக்கு வார்த்த என்ன, மிஸ் ஜீனி?"

"இதுக்கு வார்த்த கெடையாது கண்ணு."

டெல்ஃபினுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது அழுகையாக மாறியது. ஜீனோபியா சீப்பைத் திரும்பச் சூடாக்கினாள். அழுது முடித்த பிறகு டெல்ஃபின் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். இன்னும் எந்தப் பக்கம் பாக்கி என்று கேட்டாள். பின்பக்கம் என்றாள் ஜீனோபியா. டெல்ஃபின் இரண்டு கைகளையும் அம்மாவின் தலைக்கடியில் கொடுத்து மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜீனோபியா சீப்பைத் தாளில் தேய்த்துப் பார்த்தாள். அல்மீடாவின் காதை ஒரு விரலால் மடித்துப் பிடித்து, அதன் பின்னால் இருந்த சின்ன முடிகளைத் தோலில் படாமல் இழுத்து விட்டாள். பிறகு, உயிரோடு இருப்பவர்களுக்குச் சூடு உறைத்துவிடக் கூடாதென்று செய்வதைப் போலவே, குனிந்து அந்த இடத்தில் மெல்ல ஊதினாள்.